நாலு பேருமாகப் பார்க்க வேண்டியவை

உ

ரூவி, மஸ்கட்
22-6-1986

என் செல்லம் தாட்சாயிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். வந்து மூன்று நாள் ஆகியும் பெட்டியைப் பிரிக்கவில்லை. உன்னுடைய இரண்டு பாவாடையைக் கைத்தவறுதலாக நானே எடுத்து வைத்துவிட்டேன். அதைப் பார்க்க வேண்டுமே என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாயே, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, அத்தை நீட்டிய கையைக்கூடப் பிடிக்காமல்! விமானத்தில் கொடுத்த சாப்பாட்டில் உன் தம்பி உத்தமன் அவன் பங்கையும் தின்றான், என் பங்கையும் தின்றான். எனக்கு எதுவும் இறங்கவில்லை.

உன்னை ஆவடியில் விட்டுவிட்டோம் என்று எங்கள் மேல் கோபப்படாதே. இங்கே படித்துவிட்டு வந்தால் நம் ஊர்க் கல்லூரியில் இடம் கிடைக்காதாம், பிளஸ் டூ வரை அங்கேயே படித்தால்தான் நல்லதாம். அப்பா ஆபீஸில் நாகேந்திரன் சொல்லிச் சொல்லி அப்பா மனதில் அது ஏறிவிட்டது. நாலே வருஷம், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். உன் அத்தைக்கு வாய்தான் நீளம், மனசு வெல்லம். பிள்ளை இல்லாத வீடு, உன்னைத் தாங்குவார்கள். தங்கவேல் மாமா பேசவே மாட்டார். டாங்க் பாக்டரியில் சங்கு ஊதினால் போவார், ஊதினால் வருவார்.

அப்பா உன் கையில் அடித்துச் சொன்னது நினைவிருக்கிறது அல்லவா? "நீ வர வரைக்கும் நாங்க மூணு பேரும் எங்கயும் போமாட்டோம். நிஸ்வா கோட்டை, ஆமைக் கடற்கரை எல்லாம் நீ வந்தப்புறம் நாலு பேரா பாத்துக்கலாம். சத்தியம்." நீ உடனே, "அப்போ நானும் அங்க எங்கயும் போமாட்டேன், சத்தியம்" என்றாய். அதைக் கேட்டு அப்பாவே கர்ச்சீப்பை எடுத்துவிட்டார். மூன்று வருஷம் கார் இல்லாமல் ரூவிக்குள்ளேயே கிடந்தோம். கார் வாங்கி இரண்டாவது மாதம் நீ போய்விட்டாய். அது வாசலில் நிற்கிறது, நிற்கட்டும்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள். அத்தையிடம் எதிர்த்துப் பேசாதே.

உன் அம்மா
கண்ணம்மா


ஆவடி
13-7-1986

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. ஏன் உடனே பதில் எழுதவில்லை என்றால், இதனுடன் இருக்கும் மேப்பை முடிக்கவேண்டி இருந்தது. பள்ளிக்கூட நூலகத்து அட்லஸை டீச்சரிடம் கெஞ்சி வீட்டுக்கு எடுத்து வந்து, டிரேசிங் பேப்பர் வைத்து வரைந்தேன். நீலம் கடல், பழுப்பு மலை, சிவப்பு நட்சத்திரம் நாம் போக வேண்டிய இடம். பக்கத்தில் கிலோமீட்டர் கணக்கும் போட்டிருக்கிறேன், ஸ்கேலால் அளந்து. பின்பக்கம் பட்டியல். தலைப்பு "நாலு பேருமாகப் பார்க்க வேண்டியவை".

ஒன்று, நக்கல் வெந்நீர் ஊற்று. இரண்டு, நிஸ்வா கோட்டை. மூன்று, சூர், மரக்கப்பல் கட்டும் இடம். நாலு, ராஸ் அல் ஹத், விடியற்காலையில் ஆமைக்குஞ்சு கடலுக்கு ஓடும் இடம். ஐந்து, சலாலா. அது ஆயிரம் கிலோமீட்டர். அதற்கு மட்டும் அப்பா லீவு போட வேண்டும்.

இதைச் சாமி படத்துக்குப் பின்னால் வை. உத்தமன் கையில் கொடுக்காதே, படகு செய்துவிடுவான்.

இங்கே எல்லாம் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் என்னை "மஸ்கட்" என்று கூப்பிடுகிறார்கள். போன ஞாயிறு அத்தையும் மாமாவும் திருமுல்லைவாயில் கோயிலுக்குக் கிளம்பினார்கள். நான் வரவில்லை என்றேன். அத்தை, "இன்னா, கோயிலுக்குக் கூடவா வரமாட்டே?" என்று கேட்டார். தலைவலி என்று சொன்னேன். சத்தியத்தில் கோயில் சேருமா என்று அப்பாவைக் கேட்டு எழுது.

உன் மகள்
தாட்சாயிணி


உ

ரூவி, மஸ்கட்
5-4-1987

அன்பு மகள் தாட்சாவுக்கு ஆயிரம் முத்தங்கள்.

உன் அரையாண்டு மார்க்கைப் பார்த்து அப்பா ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார். கணக்கில் தொண்ணூற்று ஆறாம், மீதி நாலு எங்கே என்று கேட்கச் சொன்னார். கோயிலுக்கெல்லாம் போகலாமாம், அது ஊர் சுற்றுவதில் சேராதாம்.

இங்கே ஒரு விசேஷமும் இல்லை. வெள்ளிக்கிழமை வந்தால் அப்பா பதினோரு மணி வரை தூங்குவார், நான் துணி துவைப்பேன், உத்தமன் சுவரில் பந்தை அடித்துக் கீழ்வீட்டுக்காரரிடம் திட்டு வாங்குவான். காரை மளிகைக்கு எடுப்பதோடு சரி. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. நீ இல்லாமல் எங்கே போகிறது, போய்த்தான் என்ன? உத்தமன் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்காலில் மூன்று தையல். பயப்படாதே, ஆறிவிட்டது.

அண்ணனூரில் வாங்கிய மனைக்கு வேலி போட்டாகிவிட்டது என்று மாமா எழுதியிருந்தார். வீடு கட்டினால் ரயில் தெரிகிற பக்கம் உனக்கு ஒரு அறை. இப்போதே சொல்லிவிட்டேன், யாரும் பங்குக்கு வர முடியாது.

உத்தமன் நாலு வரி எழுதுகிறானாம்.

உன் அம்மா
கண்ணம்மா

அக்கா, நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கே. எனக்கு மூணு தையல். ▬▬▬▬▬▬▬▬▬▬ ▬▬▬▬▬▬▬ நீ சீக்கிரம் வா. உத்தமன்.


ஆவடி
17-5-1987

அன்புள்ள அம்மாவுக்கு,

உத்தமன் எழுதியதில் இரண்டு வரியை நீ மையால் அடித்திருக்கிறாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "படி" என்பது மட்டும் தெரிகிறது. நன்றாகப் படிப்பதாகச் சொல்லியிருப்பான், நீ "பொய் எழுதாதே" என்று அடித்திருப்பாய். பாவம், விட்டிருக்கலாம்.

நீங்கள் எனக்காக எங்கேயும் போகாமல் இருப்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வந்தால் அப்பா தூங்குவது, நீ துவைப்பது எல்லாம் என் கண்ணுக்குத் தெரியும். எனக்கு அழுகையும் வருகிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. நாம் நாலு பேரும் ஒன்றாகக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

தாட்சாயிணி


ஆவடி
22-1-1989

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒரு சின்ன விஷயம், அத்தை எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து கொடைக்கானல் போனார்கள். மாமா தானாகவே வந்து பெயர் கொடுக்கச் சொன்னார். நான் போகவில்லை. வகுப்பில் நானும், காலில் கட்டுப் போட்ட ஒரு பெண்ணும்தான் போகவில்லை. நாலு நாளும் நாங்கள் இரண்டு பேரும் காலி வகுப்பில் உட்கார்ந்து ரிக்கார்டு நோட்டு எழுதினோம்.

அத்தைக்கு வருத்தம். போன மாதம் பாக்டரி மனமகிழ் மன்றத்திலிருந்து பூண்டி ஏரிக்கு பஸ் போனது, அதற்கும் நான் போகவில்லை. அத்தை புளிசோறு, உருளைக்கிழங்கு எல்லாம் எனக்கும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். "இன்னாம்மா, மகாராணிக்கு எங்க கூட பஸ்ல வரதுக்கு கசக்குதா? பிளேன்ல போனவங்க ஆச்சே" என்று கேட்டார். பக்கத்து குவார்ட்டர்ஸ் ஜமீலா அக்கா வேறு நின்றுகொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியம் என்று சொன்னால் சிரிப்பார்கள். அதோடு, அது நம் நாலு பேருக்குள் இருக்கிற விஷயம்.

போன வருஷம் நீங்கள் லீவில் வந்தபோது அப்பாவின் கேமரா பையைத் திறந்தேன், ஒரு போட்டோகூட இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நினைத்தது தப்பா அம்மா?

தாட்சாயிணி


உ

ரூவி, மஸ்கட்
12-11-1989

என் தங்கமே,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் குதித்துக் காலை உடைத்துக்கொள்வாய்.

அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். மே மாதக் கடைசியோடு இந்த ஊர் போதும். ஒரேயடியாக மூட்டை கட்டிக்கொண்டு அண்ணனூருக்கு வருகிறோம். வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது, உன் அறையில் ஜன்னலும் வைத்தாகிவிட்டதாம்.

இன்னும் இருக்கிறது. மார்ச்சில் உன் பரீட்சை முடிகிறது அல்லவா? முடிந்ததும் விசிட் விசாவில் உன்னை இங்கே கூட்டி வந்துவிடுவோம் என்று அப்பா சொன்னார். இரண்டு மாதம் இருந்துவிட்டு நாலு பேருமாகச் சேர்ந்து ஊர் திரும்பலாம். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் மாமாவை ஓடச் சொல்.

அம்மா


ஆவடி
3-12-1989

அம்மா, அம்மா, அம்மா!

கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன். பிறகுதான் குதித்தேன். அத்தை சமையல் அறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

காலண்டரைப் பார்த்துவிட்டேன். ஏப்ரல் ஆறாம் தேதியிலிருந்து மே இருபத்தைந்து வரை எட்டு வெள்ளிக்கிழமை. கடைசி வெள்ளி பெட்டி கட்ட. மீதி ஏழு. முதல் வெள்ளி நக்கல், கிட்டத்தில் இருக்கிறது, கார் ஓடுகிறதா என்று பார்க்க. இரண்டாவது நிஸ்வா. சூருக்கும் ராஸ் அல் ஹத்துக்கும் சேர்த்து வியாழன் மதியமே கிளம்ப வேண்டும். சலாலாவுக்கு அப்பா ஐந்து நாள் லீவு. மற்ற வெள்ளி எல்லாம் வீட்டிலேயே, உன்னோடு துணி துவைக்க.

பாஸ்போர்ட்டுக்கு மாமா இரண்டு முறை பர்மிஷன் போட்டுப் போனார். போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன். பேசாத மாமா அதைப் பார்த்து, "நல்லாத்தான் கீது" என்றார். அவர் பேசியதே எனக்குச் சகுனமாகப் பட்டது.

பௌதிகம்தான் பயமாக இருக்கிறது. மேப்பைத் தூசு தட்டி வை.

உன் மகள்
தாட்சாயிணி


உ

ரூவி, மஸ்கட்
10-3-1990

அன்பு மகளுக்கு,

பரீட்சை நேரத்தில் இதை எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். எழுதாவிட்டால் நீ துணியை அடுக்க ஆரம்பித்துவிடுவாய்.

விசா கிடைக்கவில்லை கண்ணு. அப்பா எவ்வளவோ அலைந்து பார்த்தார். நோன்பு மாதம் வேறு வருகிறது, ஆபீஸ் எல்லாம் அரைநாள், யாரும் பேப்பரைத் தொட மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது, நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. நாங்களும்தான் ஏழு வருஷம் இந்த ஊரில் இருந்துவிட்டு ஒரு கோட்டையைக்கூடப் பார்க்காமல் திரும்புகிறோம். உன்னை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறோம், நீயும் எங்களை நினைத்துத் தேற்றிக்கொள்.

மே இருபத்தேழு, ஞாயிறு காலை, பம்பாய் வழியாக வருகிறோம். நாகேந்திரன் லீவில் அம்பத்தூர் வருகிறார், அவரிடம் கேசட்டில் பேசி அனுப்புகிறேன். எழுதினால் எனக்கு எழுத்து கலைகிறது.

அம்மா


ஆவடி
9-4-1990

அம்மாவுக்கு,

நேற்று மாமா அம்பத்தூருக்கு சைக்கிளில் போய் நாகேந்திரன் அங்கிள் கொடுத்த பையை வாங்கி வந்தார். டாங் ஜூஸ் பவுடர் டப்பா, பால்பவுடர், தைலம், கேசட் எல்லாம் வந்து சேர்ந்தன.

உன் குரல் வந்தால் இந்த வீட்டில் எப்படிக் கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும். அத்தை சோற்றை வடித்த கையோடு வந்து உட்கார்ந்தார். ஜமீலா அக்காவையும் கூப்பிட்டுக்கொண்டார். நீங்கள் அனுப்பிய டூ-இன்-ஒன்னை நடுவில் வைத்தோம். நீ இருபது நிமிஷம் பேசினாய். "நாங்களும் ஒண்ணும் பாக்காமலே வரோம்மா" என்று சொல்லி அழுதாய். அத்தையும் அழுதார், நானும் அழுதேன். பிறகு டக்கென்று ஒரு சத்தம். மாமா நிறுத்தப் போனார். "இருங்க, டேப் இன்னும் ஓடிகினு கீது. உத்தமன் பேசுவான்" என்றார் அத்தை.

உத்தமன் பேசினான்.

முதலில் கார் ஓடுகிற சத்தம். கண்ணாடியை இறக்கியிருக்க வேண்டும், காற்று விர்ரென்று அடித்தது. அப்புறம் அப்பா. ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் மூன்று முறை கேட்டேன்.

"உத்தம், அக்கா போட்ட மேப்ப எட்ரா. சூர் தாண்டி எந்தப் பக்கம் திரும்பணும்?"

"ரைட்ல, நைனா. ராஸ் அல் ஹத். அக்கா இங்க ஸ்டார் போட்டுக்குது. நிஸ்வால நான் விழுந்தேனே, அந்த மாதிரி படியெல்லாம் அங்க இருக்குமா?"

"பீச்சுல ஏதுடா படி?" இது நீ. சிரித்தாய்.

"இதோட லிஸ்ட்ல நாலு முடிஞ்சிச்சு. சலாலா மட்டுந்தான் பாக்கி," என்றார் அப்பா.

"அக்காவுக்கு எழுதட்டா?"

"வேணாண்டா கண்ணு." இதுவும் நீதான். "எழுதினா அது அங்க உக்காந்துகினு அழுவும். நாம எங்கயும் போவலன்னு நினைச்சிகினே இருக்கட்டும்."

அப்பா சொன்னார்: "அதுக்கு இன்னா, படிச்சிகினு கீது. அது வர வரைக்கும் காத்துகினு இருந்தா வண்டி துருப்புடிச்சிடும்."

மூன்று பேரும் சிரித்தீர்கள். பிறகு டேப் தீர்ந்தது.

பழைய கேசட்டின் மேல் பேசி அனுப்பியிருக்கிறாய். அடியில் என்ன இருக்கிறது என்று ஓட்டிப் பார்க்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவாய். நான் டாங் டப்பாவின் மூடியைத் திறந்து, மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தேன். ஜமீலா அக்கா அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனார். அத்தை என் பக்கம் திரும்பினார். "அதான் நீ எங்க கூட எங்கயும் வரலியா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். "எனக்குத் தெரியாம பூட்சே கண்ணு. உன்ன நான் திமிர் புடிச்சவன்னு நெனச்சிகினு கீறேனே நாலு வருஷமா" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். மாமா கேசட்டை எடுத்துப் பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தார். நேற்று மதியம் இந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அம்மா, உத்தமனின் முழங்கால் தையல் குளியலறையில் இல்லை, நிஸ்வாவில். நீ மையால் அடித்தது "படி". நீங்கள் லீவில் வந்தபோது கேமரா பை காலியாக இருந்தது, ஏனென்றால் கிளம்பும் முன் நீ உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருக்கிறாய். அவ்வளவு வேலை செய்திருக்கிறாய். அந்த நேரத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம், "தாட்சா, எங்களால் முடியவில்லை, போய்விட்டு வந்தோம்" என்று. நான் அழுதிருப்பேன். அழுதுவிட்டு, கொடைக்கானல் போயிருப்பேன்.

நான் வரைந்த மேப். அதை வைத்து வழி பார்த்துப் போயிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி. அதற்கு மட்டும் பதில் எழுது. எனக்கு விசா விண்ணப்பம் போட்டீர்களா?

தாட்சாயிணி


உ

ரூவி, மஸ்கட்
24-4-1990

என் கண்ணே தாட்சா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நீ எழுதியது எல்லாம் உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் தடவை நாங்களாகப் போகவில்லை. அப்பா ஆபீஸில் எல்லாரும் குடும்பத்தோடு நக்கலுக்குப் போனார்கள், நாங்கள் மட்டும் வரவில்லை என்றால் நன்றாக இருக்காது. அன்றைக்கு உன்னை நினைத்து நான் தண்ணீரில் காலைக்கூட வைக்கவில்லை. திரும்பி வந்து உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போதுதான் உன் மேப் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எழுதக் கை வரவில்லை. ஒரு தடவை மறைத்துவிட்டேன், பிறகு எப்படி எழுதுவது? போனது போய்விட்டது, இன்னொன்றுக்குப் போனால் என்ன என்று அப்பா சொன்னார். சின்னப் பையனை எத்தனை வெள்ளிக்கிழமை வீட்டில் கட்டிப் போடுவது? நீயே சொல்.

உன்னை நினைக்காமல் எந்த இடத்திலும் ஒரு வாய் சோறு நான் தின்றதில்லை. போன இடத்திலெல்லாம் உனக்கென்று ஒரு கூழாங்கல், ஒரு சிப்பி எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். வரும்போது கொண்டுவருவேன். சலாலாவுக்கு நாங்கள் போகவே இல்லை. அதை உனக்காக விட்டு வைத்தோம், நம்பு.

கேசட் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். நாகேந்திரன் வாசலில் நிற்கிறார், வீட்டில் புதுக் கேசட் இல்லை, "இதுல ஒண்ணும் இல்ல" என்று உத்தமன் எடுத்துக் கொடுத்தான். காரில் அவன் விளையாட்டுக்குப் பதிவு செய்த கேசட் அது என்று யாருக்குத் தெரியும்? இப்படி எல்லாருக்கும் முன்னால் ஓடிவிட்டதே! அந்த ஜமீலா வேறு இருந்தாளா? உன் அத்தை எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்? அவளிடம் நீ கொஞ்சம் பதமாக எடுத்துச் சொல்.

நாங்கள் யாருக்காக இந்த வெயிலில் கிடந்தோம்? எல்லாம் உங்கள் இரண்டு பேருக்காகத்தான். பெற்றவர்கள் பிள்ளையிடம் ஒன்றை மறைத்தால் அது பிள்ளை மனசு நோகக் கூடாது என்றுதான். நீ ஒரு பிள்ளையைப் பெற்றால் உனக்குத் தெரியும்.

அண்ணனூர் வீட்டில் உன் அறைக்குப் பச்சை வண்ணம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். இருபத்தேழாம் தேதி விமான நிலையத்தில் நீ சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். போகும்போது உம்மென்று நின்றதே எனக்கு நாலு வருஷமாகக் கண்ணில் நிற்கிறது.

எல்லாவற்றையும் மறந்துவிடு. இனிமேல் நாலு பேரும் ஒன்றாகத்தானே இருக்கப்போகிறோம்?

உன் அம்மா
கண்ணம்மா


ஆவடி
13-5-1990

அம்மா, அப்பா இருவருக்கும்,

கடிதம் கிடைத்தது. நாலு பக்கம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நாலு பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. இரண்டாவது முறை படித்தபோது பதில் தெரிந்துவிட்டது. மாமா இரண்டு நாள் பர்மிஷன் போட்டு வாங்கிக் கொடுத்த பாஸ்போர்ட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பீரோவில் அத்தையின் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

சலாலாவை எனக்காக விட்டு வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது ஆயிரம் கிலோமீட்டர். ஒரு வெள்ளிக்கிழமையில் போய்வர முடியாது. அளந்து எழுதியது நான்தான்.

பிஸ்கட் டின் வேண்டாம்.

என்னைவிட உத்தமனுக்குத்தான் அது பிடிக்கும், அவனிடம் இருக்கட்டும். ரயில் தெரிகிற அறையையும் அவனுக்குக் கொடுங்கள். அண்ணனூர் ஷெட்டில் விடியற்காலையில் வரிசையாக மின்சார ரயில் கிளம்புவது நன்றாக இருக்கும், இங்கேயிருந்து அடிக்கடி போய்ப் பார்த்திருக்கிறேன். வீடு எழும்பும்போது ஞாயிறுதோறும் நான்தானே போய்ச் செங்கல்லுக்குத் தண்ணீர் அடித்தேன். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் போகலாம், அது நம் வீடு, ஊர் சுற்றுவது ஆகாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு முட்டாளாக யாராவது இருப்பார்களா?

உத்தமன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனிடம் சொல்லுங்கள். அந்தக் காரில் "அக்காவுக்கு எழுதட்டா" என்று கேட்டது அவன் ஒருவன்தான்.

அத்தையிடம் பதமாக எடுத்துச் சொல்லச் சொன்னீர்கள். சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அத்தை உங்களை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. நேற்றுகூட, "பெத்தவ ஆச்சேம்மா, எவ்ளோ நாளு கோச்சிகினு இருப்பே? ஏர்ப்போர்ட்டுக்குப் போலாம் வா" என்றுதான் சொன்னார். காலேஜ் திறந்தாலும் நான் இங்கேயே இருந்து போய்வருகிறேன் என்று சொன்னேன். மாமா, "அது இஷ்டம். ஊடு இன்னா ஓடியா பூடும்?" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

மே இருபத்தேழு ஞாயிற்றுக்கிழமை நான் விமான நிலையத்துக்கு வரமாட்டேன். அன்றைக்கு மனமகிழ் மன்றத்து பஸ் மறுபடி பூண்டிக்குப் போகிறது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும். தேதியைப் பார்த்து அத்தை வேண்டாம் என்றார், நான்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மாமா மூன்று பேர் என்று பெயர் கொடுத்திருக்கிறார். புளிசோறு இந்தத் தடவை நான் கட்டுகிறேன். உங்களுக்கு டாக்சி சொல்லியாகிவிட்டது, டிரைவர் உங்கள் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பார். அண்ணனூர் வீட்டுச் சாவி ஜமீலா அக்காவிடம் இருக்கும். அன்றைக்கு உங்கள் மூன்று பேருக்கும் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு.

நான் எங்கே போகிறேன், யாரோடு போகிறேன், எப்போது திரும்புவேன் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். வெளியே கிளம்பினால் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான்.

சொல்லிவிட்டேன்.

தாட்சாயிணி